கூட்ஸ் வண்டி இழுத்த தண்ணீர்

தாமிரம் 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். முழு மூச்சில் வேலை செய்யும் நீராவி இன்ஜினில் நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸுக்குள் வெப்பம் 1,200 டிகிரியைத் தாண்டும். அப்படியிருந்தும் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஃபயர்பாக்ஸின் உட்சுவரைப் பெரும்பாலும் தாமிரத் தகட்டால்தான் செய்தார்கள். தகட்டின் கனம் அரை அங்குலம், கொஞ்சம் கூடலாம். அதன் ஒரு முகத்தில் அதையே உருக்கக்கூடிய நெருப்பு. மறு முகத்தில் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே அந்தத் தகடு வருஷக்கணக்கில் உருகாமல் நின்றது.

காத்தது தண்ணீர். பாய்லருக்குள் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு அழுத்தம் இருந்தால் தண்ணீர் சுமார் 183 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் ஏறாத வரை, நெருப்பு எவ்வளவு சீறினாலும், அதற்கு மேல் அது சூடாகாது. வருகிற வெப்பத்தையெல்லாம் வாங்கி ஆவியாவதிலேயே செலவழித்துவிடும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாமிரமும் அந்தச் சூட்டை ஒட்டியே நிற்கும். தண்ணீர் விலகினால் சில நிமிஷங்களில் தகடு இளகிவிடும். இந்தக் குணத்தை எந்தப் பொறியாளரும் கண்டுபிடித்துத் தண்ணீரில் சேர்க்கவில்லை. ரயில் என்ற ஒன்று வருமென்று யாரும் கனவு காணாத காலத்திலேயே படைத்தவன் அதை உள்ளே வைத்துவிட்டான்.

பழைய ரயில் இன்ஜின் என்றால் நம் கண்ணுக்கு முன்னால் வருவது எக்ஸ்பிரஸ் இன்ஜின்தான். உயரமான சக்கரம், மின்னும் பெயிண்ட், பித்தளையில் பொறித்த பெயர். கூட்ஸ் இன்ஜினுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. மூன்று அச்சில் ஆறு சிறிய சக்கரங்கள், எல்லாம் ஒன்றோடொன்று தண்டால் பிணைக்கப்பட்டவை, பெயரே கிடையாது, எண் மட்டும். ஆனால் தண்ணீரின் குணங்கள் எத்தனை என்று எண்ண நினைப்பவர் அதனிடம்தான் போக வேண்டும். எடையை இழுப்பதொன்றே வேலை என்று ஆனபிறகு, அலங்காரத்துக்கு இடமில்லை. இயற்கை தருவதைக் கொண்டே இழுத்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட இன்ஜின் வகை ஒன்றின் கதை நம் ஊரோடு பிணைந்திருக்கிறது. வில்லியம் பார்ட்டன் ரைட் என்ற ஆங்கிலேயர் 1854-ல் மெட்ராஸ் ரயில்வேயின் லோகோ சூப்பரின்டென்டன்ட் ஆனார். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியபோது அந்தக் கம்பெனியின் இன்ஜின்கள் இவர் பொறுப்பில்தான் இருந்தன. ஏறக்குறைய இருபது வருஷம் இங்கே இருந்தார். (1860-ல் பெங்களூரில் பிறந்த அவருடைய மகன்தான் பின்னாளில் லண்டனில் 'பார்டிட்ஸு' என்ற தற்காப்புக் கலையை உருவாக்கியவர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கோனன் டாயில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.) 1875-ல் பார்ட்டன் ரைட் இங்கிலாந்து திரும்பி, லங்காஷயர் யார்க்‌ஷயர் ரயில்வேயில் அதே வேலையை ஏற்றார்.

மான்செஸ்டர், விகான், போல்ட்டன், ராச்டேல் என்று பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நெருங்கிக் கிடந்த நாடு அது. நடுவே பென்னைன் மலை. இருந்த இன்ஜின்களோ ஆளுக்கொரு மாதிரி, பலம் போதாதவை. அவர் ஒரே வகை கூட்ஸ் இன்ஜினைத் திட்டமிட்டு, 1876 முதல் 1887 வரை 280 இன்ஜின்களை வெளிக் கம்பெனிகளில் கட்ட வைத்தார். சிலிண்டரின் விட்டம் பதினேழரை அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் 26 அங்குலம், சக்கரம் நாலரை அடி, அழுத்தம் 140 பவுண்டு. தொழிலாளர்கள் அவற்றுக்கு 'அயர்ன்கிளாட்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பெயரில்லாத இன்ஜினுக்கு வேலை செய்கிறவன் வைத்த பெயர் அது, எனக்கு அது பித்தளைப் பெயர்ப் பலகையைவிடப் பெரிதாகப் படுகிறது.

அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போடலாம். பதினேழரை அங்குல விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 240 சதுர அங்குலம். ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 140 பவுண்டு. பெருக்கினால் ஏறக்குறைய 15 டன். குளத்தில் கையால் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிப்போகும் தண்ணீர், நெருப்பு பட்ட பிறகு ஒரு தட்டின் மேல் 15 டன் பலத்தோடு சாய்கிறது. திறந்த வெளியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் விரியும். பாய்லருக்குள் அது 180 லிட்டர் அளவில் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மீதி விரிவுக்கு இடம் தேடும் வேகம்தான் பிஸ்டனைத் தள்ளுகிறது.

தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஒரு பங்கு வெப்பம் வேண்டுமென்றால், அதே 100 டிகிரியில் அதை ஆவியாக்க ஐந்து பங்குக்கும் மேல் வேண்டும். வெப்பமானி ஒரு கோடுகூட ஏறாது. வெப்பம் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் 1760-களில் கண்டு சொன்ன மறை வெப்பம் இது. வேறு எந்தச் சாதாரண திரவமும் இவ்வளவு வெப்பத்தைத் தன்னுள் ஒளித்து வைத்துக்கொள்வதில்லை. கடலிலிருந்து எழும் மேகம் வெயிலைச் சுமந்துகொண்டு நிலத்துக்கு வருவதும் இந்தக் குணத்தால்தான்.

வெப்பமும் உழைப்பும் ஒன்றின் இரு வடிவங்கள் என்பதை அளந்து காட்டியவரும் அந்த லங்காஷயர் மண்ணைச் சேர்ந்தவரே. சால்ஃபோர்டில் பீர் தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அந்த விசையால் ஒரு பாத்திரத் தண்ணீரைத் துடுப்பால் கலக்கி, அது எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். அவரும் தண்ணீரிடம்தான் போனார் என்பதைக் கவனியுங்கள். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்கும் வெப்பம், 772 பவுண்டு எடையை ஓரடி தூக்கும் உழைப்புக்குச் சமம் என்பது அவர் கண்ட முடிவு. 1847-ல் மான்செஸ்டரில் ஒரு தேவாலய வாசிப்பு அறையில் பேசியபோது, கடவுள் பொருளுக்குக் கொடுத்த வலிமையை மனிதனால் படைக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். அவருக்கு அது மதப் பேச்சும் விஞ்ஞானமும் ஒருங்கே. மான்செஸ்டரை அடுத்த சேல் என்ற ஊரில் அவருடைய கல்லறைக் கல்லில் 772.55 என்ற எண்ணைச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லறை வரை உடன் வரும் அளவுக்குப் படைப்பின் ஒரு எண்ணை நேசித்த மனிதர்!

இனி, இன்ஜினின் மூச்சுக்கு வருவோம். எனக்கு இந்த இயந்திரத்தில் வேறு எதையும்விட வியப்பாக இருப்பது இதுதான்.

சிலிண்டரில் வேலை முடித்த நீராவியை எங்காவது வெளியே விட வேண்டும். அதைப் புகைபோக்கிக்கு நேர் கீழே, மேல்நோக்கிய ஒரு குறுகிய குழாய் வழியாக விட்டார்கள். ஆவி சீறிக்கொண்டு மேலே போகும்போது, முன்புறப் புகைப்பெட்டியிலுள்ள காற்றையும் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, பாய்லருக்குள் ஓடும் இருநூறு சொச்சம் குழாய்கள் வழியே ஃபயர்பாக்ஸின் சூடான வாயு பாய்ந்து வருகிறது. அதன் பின்னால், நெருப்புக்கு அடியிலிருந்து புதுக் காற்று ஏறுகிறது. நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறது.

இதில் அதிசயம் அளவில் இருக்கிறது. வண்டி மேட்டில் ஏறும்போது டிரைவர் அதிக ஆவியைத் திறக்கிறார். அதிக ஆவி வெளியேறினால் இழுப்பு அதிகம். இழுப்பு அதிகமானால் நெருப்பு அதிகம். நெருப்பு அதிகமானால் ஆவி அதிகம். சரிவில் இறங்கும்போது எல்லாம் தானாகவே தணிகிறது. தேவை எவ்வளவோ அவ்வளவு நெருப்பு. நடுவே எந்தக் கருவியும் இல்லை, அளந்து சொல்ல யாரும் இல்லை. ஓடும் மனிதனுக்கு மூச்சு வாங்குவதும் உட்கார்ந்தவனுக்கு அடங்குவதும் எந்த ஒழுங்கில் நடக்கிறதோ, அதே ஒழுங்கு இரும்புக்குள்ளும் குடிவந்திருக்கிறது. 1804-லேயே ட்ரெவிதிக் தன் இன்ஜினில் கழிவு ஆவியைப் புகைபோக்கிக்குள் விட்டார். பின்னால் வந்தவர்கள் குழாயின் வாயைச் செம்மைப்படுத்தினார்கள். அயர்ன்கிளாட் இன்ஜினுக்கு இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் ஆவி வேலை செய்யும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு மூச்சு. ஒரு மைலுக்கு ஏறக்குறைய 1,500.

இந்தக் குழாயின் அளவு கொஞ்சம் பிசகினாலும் இன்ஜின் சோர்ந்துவிடும். மேற்கு இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காக வில்லியம் டீன் வடிவமைத்த கூட்ஸ் இன்ஜின்கள் 1883-க்கும் 1899-க்கும் இடையில் 260 கட்டப்பட்டன. இரண்டு உலகப் போர்களிலும் ராணுவம் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டது. 1940-களின் கடைசியில் சுவிண்டனில் அந்தக் கிழட்டு இன்ஜின் ஒன்றையும் அப்போதுதான் வந்திருந்த நவீன சிறு இன்ஜின் ஒன்றையும் சோதித்துப் பார்த்தார்கள். ஆவி உண்டாக்குவதில் கிழடு முந்திக்கொண்டது. பிறகு புதியதன் ஊதுகுழாயையும் புகைபோக்கியையும் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று. காற்றும் ஆவியும் எந்த அளவில் ஒத்துப்போகும் என்பதை இயற்கையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்; பிறந்த வருஷம் அங்கே செல்லாது.

பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டும் இன்ஜெக்டர் என்ற சிறு பித்தளைக் கருவியும் அப்படித்தான். 1858-ல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஜிஃபார் கண்டுபிடித்தது. பாய்லரிலிருந்து எடுத்த ஆவியைக் கொண்டே, அதே பாய்லருக்குள், அதே அழுத்தத்தை எதிர்த்துத் தண்ணீரைத் தள்ளுகிறது. கேட்டால் ஏமாற்று வேலைபோல இருக்கும். ஆவி ஒரு கூம்பு வழியே பெரும் வேகத்தில் பாய்கிறது; எதிரே வரும் குளிர்ந்த தண்ணீரில் பட்டுத் தானும் தண்ணீராகிச் சுருங்கிவிடுகிறது; ஆனால் அதன் வேகம் மட்டும் தண்ணீருக்குக் கைமாறுகிறது. அந்த வேகம் அடுத்து விரியும் கூம்பில் அழுத்தமாக மாறி, பாய்லரின் வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போகிறது. நகரும் உறுப்பு என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமில்லை. தண்ணீர் குளிர்ந்து இருக்க வேண்டும் என்பது ஒன்றே அதன் நிபந்தனை. இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலக்கரியைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. லங்காஷயர் சுரங்கங்களின் கரி, 30 கோடி வருஷத்துக்கு முந்தைய சதுப்புக் காடு. அந்த இலைகள் வாங்கி வைத்த வெயில்தான் ஃபயர்பாக்ஸில் எரிந்தது. ஓடும் ரயிலைக் காட்டி, அதை இழுப்பது சூரிய ஒளிதான் என்று ரயில் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அந்தப் பெருஞ்செல்வத்தை இந்த இன்ஜின்கள் சிக்கனமாகச் செலவழித்தன என்று சொல்ல முடியாது. நூறு பங்கு வெப்பத்தில் ஐந்தாறு பங்குதான் இழுவையாக மாறியது. தண்ணீர் ஒளித்து வைத்துக்கொள்ளும் அந்த மறை வெப்பத்தில் பெரும்பகுதி, ஊதுகுழாய் வழியாக வானத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. கூடவே கரும்புகையும் போனது. லங்காஷயர் மக்களின் நெஞ்சுக்குள்ளும் போனது. படைப்பின் அதிசயத்தைப் பேசுகிறவன் அதை மறைக்கக்கூடாது.

ஆவியை இரண்டு முறை வேலை வாங்கினால் கரி மிச்சமாகுமே என்று நினைத்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கு ரயில்வேயில் டி. டபிள்யூ. வொர்ஸ்டெல் 1886 முதல் அப்படிப்பட்ட கூட்டு இன்ஜின்களைக் கட்டினார். ஒரு சிறிய சிலிண்டரில் வேலை செய்த ஆவி அடுத்து ஒரு பெரிய சிலிண்டருக்குப் போகும். கரி மிச்சமாகத்தான் செய்தது. ஆனால் பராமரிப்புச் சிக்கல் கூடியது. அவருக்குப் பின் அதே நாற்காலிக்கு வந்த அவர் தம்பி வில்சன் வொர்ஸ்டெலின் காலம் தொடங்கி, அந்த வகை முழுவதும் சாதாரண இரட்டைச் சிலிண்டராக மாற்றிக் கட்டப்பட்டது. அண்ணன் கட்டியதைத் தம்பி பிரித்தார். குடும்பத்தில் என்ன பேசிக்கொண்டார்களோ! 1889-ல் கேட்ஸ்ஹெட்டில் பிறந்த ஓர் இன்ஜின் இந்த மாற்றத்தைத் தன் உடம்பில் தாங்கி இன்றும் மிஞ்சியிருக்கிறது. பிறகு, ஆவியை மேலும் சூடாக்கி உலரவைத்து அனுப்பினால் சிலிண்டரில் குளிர்ந்து தண்ணீராவது நிற்கும் என்று தெரிந்தபோது, இரண்டாவது சிலிண்டர் தேடிய சிக்கனம் வேறு வழியில் வந்து சேர்ந்தது.

பார்ட்டன் ரைட்டின் 280 இன்ஜின்களுக்கு நேர்ந்த மறுகட்டுமானம் இதைவிட எளிமையானது, எனக்கு இதைவிட அழகாகவும் தெரிகிறது. 1886-ல் அவருக்குப் பின் வந்த ஜான் ஆஸ்பினால், 1889-ல் பெரிய கூட்ஸ் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தார். மெயின் லைனில் அயர்ன்கிளாட்களுக்கு வேலை குறைந்தது. யார்டுகளில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலைக்கோ இன்ஜின் பற்றவில்லை. ஆஸ்பினால் பழையவற்றை உடைத்துப் போடவில்லை. 1891 முதல் 1900 வரை, ஹார்விச் பட்டறையில், அவற்றில் 230 இன்ஜின்களின் பின்னால் தண்ணீரும் கரியும் சுமந்து தொடர்ந்துவந்த டெண்டரைக் கழற்றினார். பாய்லரின் முதுகில், குதிரைக்குச் சேணம் போடுவதுபோல் வளைந்த ஒரு தண்ணீர்த் தொட்டியைப் போட்டார். பின்பக்கம் கரிக்கு ஒரு பெட்டி. சக்கரம், சிலிண்டர், சட்டம் எல்லாம் அவைதாம்.

அந்த ஒரு மாற்றத்தில் தண்ணீருக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. டெண்டரில் இருந்தவரை அதன் எடை இன்ஜினுக்குச் சுமை. முதுகில் ஏறியதும் அதே எடை சக்கரங்களைத் தண்டவாளத்தில் அழுத்திப் பிடிக்கும் பலமாகிவிட்டது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது. ஆறு சக்கரங்களின் தொடுபரப்பையும் சேர்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த இடத்தில்தான் 43 டன் இன்ஜினின் எடை முழுதும் நிற்கிறது. அந்த இடத்தில் இருக்கும் பிடிதான் சுமார் 17,500 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். உராய்வு இன்னும் குறைவாக இருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதே எஃகின் மேல் உருளும் வேகன்களுக்குத் தடை அதிகமாக இருந்தால் அவை நகரவே மறுக்கும். ரயில் என்ற ஏற்பாடே இந்த இரண்டுக்கும் நடுவில் படைத்தவன் விட்டுவைத்த மெல்லிய இடைவெளியில் ஓடுகிறது. மழைத் தூறலில் அந்தப் பிடி நழுவும்போது, சக்கரத்தின் முன்னால் காய்ந்த மணலைத் தூவுவார்கள்.

குறையும் இருந்தது. சேணத் தொட்டி பாய்லரின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். இன்ஜெக்டரின் நிபந்தனை ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் சூடானால் ஆவி அதில் சரியாக ஒடுங்காது, இன்ஜெக்டர் துப்பிவிடும். தொட்டி காலியாக ஆக, சக்கரத்தின் பிடியும் குறையும். இவற்றைத் தெரிந்துதான் அந்த டிரைவரும் ஃபயர்மேனும் வேலை பார்த்தார்கள். இந்த மாற்றிக் கட்டிய இன்ஜின்களில் சில, ஹார்விச் பட்டறைக்குள்ளேயே 1960-கள் வரை ஷண்டிங் செய்தன. கட்டியவர், மாற்றியவர், கம்பெனி எல்லாம் போன பிறகும்.

தண்ணீர் எப்போதும் சாதுவாகவே இருந்தது என்று நினைக்க வேண்டாம். பாய்லரில் 183 டிகிரியில் அடைபட்டிருக்கும் தண்ணீருக்கு, தகடு கிழிந்து திடீரென்று வெளி கிடைத்தால், ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகி எல்லாவற்றையும் தூக்கியெறியும். 19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைகளிலும் ரயில்களிலும் இப்படி உயிர்கள் போயின. பாய்லர்களைச் சோதித்துச் சொல்வதற்கென்றே 1854-ல் மான்செஸ்டரில், வில்லியம் ஃபேர்பெர்னின் முயற்சியில், ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஃபயர்பாக்ஸின் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகாணி உண்டு. மேலே தண்ணீர் இருக்கும்வரை ஈயம் உருகாது. தண்ணீர் மட்டம் கூரைக்குக் கீழே இறங்கினால் 327 டிகிரியில் ஈயம் உருகி, அந்தத் துளை வழியே ஆவி சீறி, ஃபயர்மேனை எச்சரிக்கும். காவலுக்கு ஆள் வைக்காமல், ஈயத்தின் உருகுநிலையையே காவலுக்கு வைத்தார்கள்.

உப்புப் படிவு மெல்லக் கொல்லும் வகை. கடினநீர் கொதிக்கக் கொதிக்க, தாமிரத்தின் மேல் சுண்ணாம்பு ஏடுபோல் படியும். படிந்தால் தண்ணீர் தகட்டைத் தொட முடியாது. தகடு சூடேறிப் பிளக்கும். அதனால்தான் குறித்த நாளில் பாய்லரைக் குளிரவைத்து, அடைப்புகளைக் கழற்றி, குழாயால் பீய்ச்சிக் கழுவினார்கள். பென்னைன் மலையின் மணற்கல்லில் இறங்கும் மழைநீர் மென்னீர் என்பது லங்காஷயருக்குக் கிடைத்த கொடை. பஞ்சாலைக்கும் அதுவே உதவியது.

இன்று பார்ட்டன் ரைட்டின் கூட்ஸ் இன்ஜின்களில் டெண்டரோடு ஒன்றும் சேணத் தொட்டியோடு ஒன்றும் பிழைத்திருக்கின்றன. இரண்டையும் கட்டியது மான்செஸ்டர் கோர்ட்டனில் இருந்த பேயர் பீக்காக் கம்பெனி. அதை நிறுவியவர்களில் ஒருவரான சார்லஸ் பேயர் ஜெர்மனியின் சாக்ஸனியில் ஒரு நெசவாளியின் மகன். சம்பாதித்ததைக் கொண்டு கோர்ட்டன் வட்டாரத்தில் தேவாலயங்கள் கட்டிக்கொடுத்தவர். அவற்றில் ஒன்றின் கால்பந்துக் குழுதான் வளர்ந்து மான்செஸ்டர் சிட்டி ஆனது. இந்த இரண்டு இன்ஜின்களும் பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

எண் 957, 1887-ல் பிறந்தது. மாற்றப்படாமல் விடப்பட்ட ஐம்பதில் ஒன்று. 1959 வரை வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிறகு கீத்லி வொர்த் பள்ளத்தாக்கு ரயில்வேக்கு வந்தது. 1970-ல் வெளிவந்த 'தி ரயில்வே சில்ட்ரன்' படத்தில் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு நடித்தது. வாழ்நாளெல்லாம் சரக்கு இழுத்ததற்கு முதுமையில் கிடைத்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். எண் 752, 1881-ல் டெண்டரோடு பிறந்து, 1896-ல் சேணத் தொட்டிக்கு மாறியது. 1937-ல் ஒரு நிலக்கரிக் கம்பெனி அதை வாங்கிச் சுரங்க வேலைக்கு வைத்துக்கொண்டது. அதனால்தான் மற்றவற்றை உடைத்தபோது இது தப்பியது. ரொம்ப காலம் ஓடாமல் நின்றுவிட்டு, ஆர்வலர்களின் உழைப்பால் கிழக்கு லங்காஷயர் ரயில்வேயில் மறுபடி ஆவி பிடித்தது.

இப்படி ஒன்றை மீண்டும் ஓட வைப்பது என்றால் முழுசாகப் பிரித்துப் போடுவது. ஃபயர்பாக்ஸின் இரு சுவர்களையும் பிணைத்து நிற்கும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். முறிந்ததன் ஒலி வேறு. தகட்டின் கனத்தை ஒலி அலையால் அளப்பார்கள். தேய்ந்த சக்கரத்துக்குப் புது எஃகு டயர் போட வேண்டுமென்றால், டயரைச் சூடாக்கி விரியவிட்டு, சக்கரத்தை உள்ளே இறக்கி, குளிர்ந்து இறுகவிடுவார்கள். நம் ஊர் வண்டிப்பட்டறையில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றும் அதே வேலை. இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்ற நியதி லங்காஷயருக்கு ஒன்று, திண்டுக்கல்லுக்கு ஒன்று என்று இல்லை.

பாய்லரைச் சேர்த்து முடித்ததும் முதல் சோதனை நெருப்பால் செய்வதில்லை. பாய்லர் முழுவதும் பச்சைத் தண்ணீரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் வெளியேற்றி, பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள், வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக. குளிர்ந்த தண்ணீரை அழுத்தினால் சுருங்குவது மிகமிகக் கொஞ்சம். அதனால் எங்காவது தகடு விட்டுக்கொடுத்தால் கொஞ்சம் தண்ணீர் கசிந்து, அழுத்தம் உடனே விழுந்துவிடும், யாருக்கும் காயமில்லை. சூடாக இருக்கும்போது ஆளைக் கொல்லக்கூடிய அதே பொருள், குளிர்ந்திருக்கும்போது அந்த ஆபத்தைச் சோதிக்கும் பாதுகாப்பான கருவி! இதைத் தாண்டிய பிறகே நெருப்பு மூட்டுவார்கள். இங்கிலாந்தில் பாய்லருக்குக் கொடுக்கும் சான்று பொதுவாகப் பத்து வருஷத்துக்குத்தான். அது முடிந்தால் மறுபடி பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்துப் பிரித்துச் சேர்த்ததில் 1881-ல் வந்த இரும்பு எவ்வளவு மிச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் அக்கறையில்லை. உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வயது கிடையாது.

இதைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போகத்தான் வேண்டுமென்றில்லை. பார்ட்டன் ரைட் காலத்தில் மெட்ராஸ் ரயில்வே தொடங்கிய பெரம்பூர்ப் பட்டறையின் வழியில் வந்த லோகோ ஒர்க்ஸ் ஆட்கள், லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி 1855-ல் கட்டிய இ.ஐ.ஆர் 21 என்ற இன்ஜினை 2010-ல் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் காட்சிப்பொருளாக நின்ற இன்ஜின் அது. கூட்ஸ் இன்ஜின் இல்லை என்பது என் சின்ன வருத்தம். ஆனால் பாய்லர் பாய்லர்தான். விசேஷ நாட்களில் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் பக்கம் ஓட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை ஓட்டுவதாகப் பேப்பரில் பார்த்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். புகையையும் விசிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், டிரைவரிடம் அனுமதி கேட்டு, அவர் எதிரே இருக்கும் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயையும் ஒரு நிமிஷம் பாருங்கள். ஃபயர்மேன் நெருப்பைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.